ஒரு செட்டர் போதும்

“அப்பிடி நான் என்ன பிழை செஞ்ச வாப்பா? அத முதல்ல சொல்லுங்க.”

பஸ்மிலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். விளையாட்டு உடுப்புக்கு மேல் அபாயா போட்டு, தோளில் பையோடு பயிற்சிக்குப் புறப்பட்டு நின்றாள். வாசலில் ஓட்டோவும் தயாராகத்தான் நின்றது. மீராசாதான் சாவியை எடுக்கவில்லை.

“நீ ஒண்டும் செய்யல்ல மகள். பிராக்டிஸும் வேணா, மட்டக்களப்பும் வேணா. வீட்ட இரி.”

மீராசா கத்துகிற மனிதர் இல்லை. கத்தியிருந்தால் பஸ்மிலா அழுது, சாப்பிடாமல் கிடந்து எப்படியும் வென்றிருப்பாள். அவரோ பயந்து போயிருந்தார். பயந்த மனிதரிடம் அழுகை செல்லாது. இந்த மகளுக்காக அவர் கொஞ்சமா செய்தார்? சாய்ந்தமருதிலிருந்து கல்முனை மகளிர் கல்லூரிக்குத் தானே ஏற்றிப் போய், பயிற்சி முடியும்வரை மதிலுக்கு வெளியே காத்திருந்து கூட்டி வருபவர். கலியாணமாகாத கொமர்ப் பிள்ளையைப் பந்தடிக்க விடுவதா என்று கேட்ட சொந்த மச்சானோடு கதையையே நிறுத்தியவர்.

“சனிக்கிழமை மட்டக்களப்புல மாகாணப் போட்டி வாப்பா. மாகாண டீமுக்கு ஆள் எடுக்க வாறாங்க. அதுல எடுபட்டாத்தான் விளையாட்டால எனக்குக் கெம்பஸ்ல படிக்க இடம் கிடைக்கும். என்ட ரிசல்ட்ட வெச்சி ஒண்டும் கிடைக்காது. உங்களுக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“பிறகென்ன? ஆரோ உங்களுக்கு மூட்டி விட்டிரிக்காங்க. இன்ஷிராவா?”

“அந்தப் புள்ளைய இதுக்குள்ள இழுக்காத.”

அந்த நேரம் பார்த்து கேட்டடியில் ஸ்கூட்டி வந்து நின்றது. கரப்பந்து அணிக்குப் பொறுப்பான ஸுஹைறா மிஸ், ஹெல்மட்டைக் கழற்றியபடியே உள்ளே வந்தார். ஸலாம் சொன்னார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. மீராசாவை அண்ணன் முறை வைத்துக் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவார்.

“இவளையும் இனி அனுப்ப மாட்டன் எண்டு போன்ல சொல்லிப் போட்டீங்க. இது நியாயமா காக்கா? அடிக்கிற புள்ளைகளுக்குப் பந்தத் தூக்கிக் குடுக்கிற செட்டர், என்ட டீம்ல ரெண்டே ரெண்டு பேர். நேத்து இன்ஷிரா. இண்டைக்கு இவ. இனி நான் ஆர வெச்சி விளையாடுற?”

“ரெண்டு செட்டர் என்னத்துக்கு எண்டு இவ ஒரு மாசமா வீட்டுல ஒரே சண்ட மிஸ்,” என்றார் மீராசா. “ஒருத்தி போதும்தானே எண்டு.”

“அது இவட பிடிவாதம். ஒரு செட்டர் எண்டா, அவ முன் வரிசைக்கு வாற நேரம் அடிக்க ரெண்டு பேர்தான் மிச்சம். ரெண்டு செட்டர் எண்டா பின்னால நிக்கிறவ தூக்கிக் குடுப்பா, முன்னால மூணு பேரும் அடிக்கலாம். இத விளங்கப்படுத்தி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு.”

“பாதி மேட்ச் அவட கையில, பாதி என்ட கையில,” என்றாள் பஸ்மிலா. “வந்து பாக்கிறவங்க ஆர எடுப்பாங்க?”

“இப்ப ஒருத்தரையும் எடுக்க மாட்டாங்க. சந்தோசமா?”

மிஸ் மீராசாவிடம் திரும்பினார்.

“நேத்து மருதமுனைக்கும் போனன் காக்கா. இன்ஷிராட உம்மா கதவே திறக்கல்ல. உள்ளுக்க அந்தப் புள்ள அழுற சத்தம் றோட்டுக்குக் கேக்குது. என்ன நடந்த எண்டு நீங்களாவது சொல்லுங்க.”

மீராசா மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“கிரவுண்டுக்குப் பின்னால மாடி வீடொண்டு இரிக்கி. அங்க இருந்து பொடியன்மார் நம்மட புள்ளைகள் பாஞ்சி விழுறத வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில போடுறானுகளாம். நான் மதிலடியில காவல் நிண்டு என்ன பிரயோசனம் மிஸ்? அவனுகள் மேலால எடுக்கிறானுகள்.”

பஸ்மிலாவின் முகம் வெளிறிப்போனது. பையைத் தோளிலிருந்து மெல்ல இறக்கினாள்.

“ஆரு சொன்ன?” என்றார் மிஸ்.

“இன்ஷிராட உம்மா, சபியா உம்மாதான். அவக்கு ஆரோ ஒரு பொம்புள போன்ல கோல் எடுத்துச் சொல்லியிரிக்கா. பேரச் சொல்லல்லயாம். அதோட அவ மகள நிப்பாட்டிட்டா. ‘என்ட புள்ளய மட்டும் காப்பாத்திட்டு உங்கட புள்ளய விட்டா அல்லாஹ் என்னக் கேப்பான்’ எண்டு இண்டைக்குக் காலையில எனக்கும் எடுத்தா. அழுதழுது கதைச்சா, பாவம்.”

“விசாரிப்பம் காக்கா. உண்மையா பொய்யா எண்டு பாப்பம்.”

“பாருங்க மிஸ். ஆனா வீடியோ ஒருக்கா வெளியில போனா விசாரிச்சு என்ன செய்ற? நாளைக்கு இவளுக்கொரு மாப்பிள்ள பேசப் போனா அத எடுத்துக் காட்டுவானுகள். அந்தப் பொம்புள ஆரெண்டு தெரியாது. அவ நல்லா இரிக்கோணும். என்ட புள்ளட மானத்தக் காப்பாத்தித் தந்தா.”

“பொய் வாப்பா.” பஸ்மிலாவின் குரல் உடைந்தது. “பச்சப் பொய். ஒருத்தனும் வீடியோ எடுக்கல்ல. சத்தியமா எடுக்கல்ல. என்ன விடுங்க.”

“பொய்யா இருந்தா எனக்கும் நல்லம்தான் மகள். நீ பந்தப் பாத்துக்கிட்டு நிண்ட, நான் வெளியில நிண்ட. எடுக்கல்ல எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?”

ஸுஹைறா மிஸ்ஸும் அவளைத்தான் பார்த்தார்.

தெரியாமல் என்ன? முந்தாநாள் ஒரு கூட்டாளியின் போனை வாங்கி, தொண்டையைக் கனமாக்கி, இல்லாத அந்த வீடியோவைச் சபியா உம்மாவிடம் சொன்ன பொம்பிளை அவள்தான்.