ஏலத்துக்கு வந்த சேவல்

“வாத்தியார் வேலையை விட்டுட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனா உன் மக. சைக்கிள் செயினை ஒட்டவச்சு சேவல்ங்கா. அதைப் போயி அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையா வைக்கியே, ஏலத்துல எவன் கேப்பான்? ஊரே சிரிக்கப் போவுது!”

அப்பாத்துரை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் எப்சி உலோகச் சிற்பியான நாளிலிருந்து இதே பாட்டுதான். மனைவி சாலோமிக்கு இந்த மனுசரிடம் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். சேவலை யாரும் கேட்காவிட்டால் பிள்ளை உடைந்துபோவாளே என்று, ஏலம் கேட்கத் தன் தம்பி ஜெய்சனை ரகசியமாக ஏற்பாடு செய்திருந்தாள்.

சர்ச்சில் ஆராதனை முடிந்ததுமே, காணிக்கைகளை ஏலம் விடும் முன், “அந்த அவமானத்தை நான் பாக்க மாட்டேன்” என்று அப்பாத்துரை வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டார்.

பூசணிக்காயும் வாழைத்தாரும் போனபின் சேவல் வந்தது. ஜெய்சன் கேட்டான். பேட்டை ஊர்க்காரன் ஒருவன் கூட்டிக் கேட்டான். ஜெய்சன் ஏற்ற ஏற்ற அவனும் விடவில்லை. கடைசியில் சேவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எப்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எப்சியைத் தோழிகளோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த சாலோமி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எவன் கேப்பான்னியளே? பேட்டைக்காரன் ஒருத்தன் அள்ளிட்டுப் போயிட்டான்!”

“அவன் ஒரு கிறுக்குப்பய.”

வாசலில் பைக் வந்து நின்றது. அதே பேட்டைக்காரன், கையில் சேவலோடு.

“சார், நீங்க சொன்ன மாதிரியே விடாம கேட்டு எடுத்துட்டேன். ஒருத்தர் மட்டும் கடைசி வரைக்கும் மல்லுக்கு நின்னாரு.”

“பின்வாசல் வழியா வரச் சொன்னேம்லா!” என்று பல்லைக் கடித்த அப்பாத்துரை, மனைவியைப் பார்க்காமல் சேவலின் கொண்டையைத் துண்டால் துடைத்தார். “ஏலே, மல்லுக்கு நின்னது எவன்?”

“அவனும் ஒரு கிறுக்குப்பயதான்,” என்றாள் சாலோமி.