கம்பத்துக்கு எதுக்குச் சாப்பாடு?

உடம்புக்குள்ளே சர்க்கரைக் கதவுகளைத் திறந்துவிடுகிற வேலை கணையத்துடையது. தொப்பைக் கொழுப்பு அதன் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, அந்தத் தொடையெலும்பு வெறும் கம்பம். சும்மா நிக்கிறவனுக்கு எதுக்குச் சர்க்கரை?" என்றது.

"சும்மாவா? தினமும் எனக்குள்ளே பழைய எலும்பை இடிச்சுப் புதுசு கட்டறேன். அதுக்குத் தெம்பு வேணும்ல?" என்றது எலும்பு.

"கம்பம் பேசுதுடோய்!" கொழுப்பு குலுங்கிச் சிரித்தது. கணையம் தலையாட்டியது. எலும்புக்குச் சர்க்கரை நின்றது.

பட்டினியில் இடிக்கிற வேலையும் நின்றது. எலும்பு இடிக்கும்போதெல்லாம் ஒரு சேதி கிளம்பி, ரத்தத்தில் மிதந்துபோய்க் கணையத்தை எழுப்பும். அதுவும் நின்றுபோனதால் கணையம் குறட்டை விட்டது. கதவுகள் திறக்கவில்லை. ரத்தம் பாகாகிவிட்டது.

"தெருவெல்லாம் சர்க்கரை, எனக்கு ஒரு வாய் இல்லையே! வழி அடைக்குது, அந்தக் கம்பத்து மேலயாவது கொட்டித் தொலைங்க!" என்று கொழுப்பு ரத்த அணுக்களைப் பார்த்து அலறியது.

அவை பாகை அள்ளிக் கதவுக்குக் காத்திராமல் எலும்பின் மேலேயே கொட்டின. எலும்பு தின்றது, இடித்தது. சேதி போய்ச் சேர்ந்ததும் கணையம் துள்ளி எழுந்து கதவுகளைத் திறந்தது.

"பாத்தீங்களாண்ணே, நான் போட்ட சத்தத்துலதான் முழிச்சீங்க!" வாய் நிறையச் சர்க்கரையோடு கொழுப்பு சொன்னது. "ஆபத்து தீந்துச்சு. இனி கம்பத்துக்குக் கொட்டுறதை நிறுத்திடலாமா?"

"நிறுத்திடு" என்ற கணையத்துக்கு அதற்குள் ஒரு கொட்டாவி வந்தது.