கடைசி ஸ்பிரிங்ளர்

கடப்பாரையை ஓங்கி ஒரே போடு. மெயின் பைப் பிளந்து, தண்ணீர் ஆளுயரத்துக்கு மேலே சீறியது.

"ஐயையோ!"

எஞ்சின் கொட்டகை வாசலில் நின்றிருந்த வயல்காரனின் மனைவி அலறிவிட்டாள்.

உருளைக்கிழங்கு வயல் முழுக்கத் தண்ணீர் தூவிச் சுற்றிக்கொண்டிருந்த ஸ்பிரிங்ளர்கள், வீச்சு குறைந்து குறைந்து, அப்படியே நின்றுபோயின.

உடைத்தவர் வேறு யாருமில்லை, பைப்காரர். அந்தப் பைப்பையெல்லாம் பொருத்தியவரே அவர்தான்!

காரணம் அவளுக்குத் தெரியும். சற்று முன்னால் நடந்த வாக்குவாதம்.

"பூச்சி மருந்து விடுறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்மா."

"இப்பவே காத்து கிளம்பிடுச்சு. இன்னும் நேரமானா மருந்து பூரா பக்கத்து வயலுக்குத்தான் போகும்."

"பத்தே நிமிஷம்மா. எப்பவும் பார்த்துட்டுத்தான் திறக்கறது."

"நீங்க ஊர்வலம் போயிட்டு வர்ற வரைக்கும் பூச்சி காத்துக்கிட்டு இருக்குமா?"

அவர் பாட்டுக்கு வயலுக்குள் நடந்துவிட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

'மருந்துத் தொட்டிப் பக்கம் நீ போகாதே. பைப்காரர் பார்த்துப்பார். நீ கை வெச்சேன்னு தெரிஞ்சுது, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்' என்று போனில் கணவன் சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. ஒரு திருகைத் திருகுவதற்குப் பெரிய படிப்பா படிக்க வேண்டும்?

எஞ்சினைப் போட்டாள். பைப் தண்ணீரில் கலக்கட்டும் என்று மருந்துத் தொட்டியையும் திறந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில், நடு வயலில் நின்று பைப்காரர் இரண்டு கைகளையும் ஆட்டி ஏதோ கத்தினார். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. தன்னைத்தான் திட்டுகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பிப் பார்ப்பதற்குள், வரப்பில் கிடந்த கடப்பாரை அவர் கையில்.

பைப் உடைந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினாள். அதே நேரம் கணவனின் பைக்கும் வந்து நின்றது.

"பாருங்க! ரெண்டு வார்த்தை சொன்னேன்னு பைப்பையே உடைச்சுட்டார்!"

"யோவ், சோறு போடற வயலுய்யா இது!"

சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு அறை விட்டான். அவனுக்கு அப்பா வயது அவருக்கு. மூச்சு வாங்கியதில் அவருக்குப் பேச்சு வரவில்லை. வயலின் கோடியைக் கை மட்டும் காட்டியது.

அங்கிருந்து, சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒரு சின்ன உருவம் வந்துகொண்டிருந்தது.

வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்த மகள்.

"அம்மா, மழை ஏன் நின்னு போச்சு?"

அவள் எஞ்சின் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"முன் வரிசையில மருந்து கலந்து தண்ணி பால் மாதிரி வெளுத்துடுச்சுங்க" என்றார் பைப்காரர், திணறித் திணறி. "மருந்து பைப்புக்குள்ள கடைசி வரைக்கும் போய்ச் சேர அஞ்சு நிமிஷம் ஆகும். பாப்பா கடைசி ஸ்பிரிங்ளர் கிட்ட, வாயைத் திறந்துக்கிட்டு அண்ணாந்து நிக்குது. எவ்வளவு ஓடினாலும் மருந்து என்னை முந்திடும். பைப்ல அழுத்தம் போயிட்டா தண்ணி வெளியே வராது. அதான்..."

சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விலகியது.

கணவன் மகளைத் தூக்கி, தலைமுடியை முகர்ந்தான். வாயை முகர்ந்தான். வெறும் தண்ணீர். மருந்து வாடை துளியும் இல்லை.

"சாமி..." என்றான். கண்கள் கலங்கிவிட்டன. அடுத்த நொடியே முகம் மாறியது.

"மருந்தைத் திறந்தது யாரு?"

இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கேட்கிறேன்ல? என் பிள்ளை நிக்கிற வயல்ல மருந்தைத் திறந்தது யாரு?"

பைப்காரர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாங்க. திறந்துவிட்டுட்டுத்தான் பார்க்கப் போனேன். புத்தி கெட்டுப் போச்சு."

"நாளையிலேருந்து இந்தப் பக்கம் உன் நிழல்கூட விழக்கூடாது!"

அவர் கடப்பாரையை மெல்லக் கீழே வைத்தார். சிவந்திருந்த கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

கணவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ இங்கதானே இருந்தே? இந்த ஆளுதான் திறந்தாரா?"

அவள் மகளை வாங்கி இறுக அணைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள். "வேண்டாம், பார்த்துட்டுத் திறங்கன்னு எவ்வளவோ சொன்னேன். கேட்கலை."