மனசாட்சி இல்லாத டாக்டர்

"அந்த மேசைக்குப் போகாதீங்க டாக்டர்!"

ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, சக டாக்டர் ருஜேரோ என்னைத் தடுத்தான். கான்டீன் மூலையில் டாக்டர் எத்தோரே தனியாகப் பாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன், என்ன பண்ணார்?"

"மனசாட்சி இல்லாத ஆளு. மத்த டாக்டருங்க நாங்க ஏழு பேரும் கடவுளுக்குப் பயந்தவங்க. கருக்கலைப்பு செய்ய மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டோம். நம்ம இத்தாலில அப்படி மறுக்கச் சட்டமே இடம் குடுக்குது. இங்க கருக்கலைப்பு செய்யறது அவர் ஒருத்தர்தான். நீங்களும் எழுதிக் குடுத்துடுங்க. இல்லாட்டி காலம் பூரா அந்த வேலையைத்தான் உங்க தலையில கட்டுவாங்க. பதவி உயர்வெல்லாம் கனவுலதான்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் எத்தோரே மண்டியிட்டிருந்தார். எல்லோரும் எழுந்து பாதிரியாரிடம் நற்கருணை அப்பம் வாங்கப் போனோம். அவர் மட்டும் அசையவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "நீங்க ஏன் டாக்டர் வாங்கலை?"

"நான் செய்யறது பாவம்னு நம்பறவன் நான். எந்த மூஞ்சியோட கையை நீட்டறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப நீங்களும் எழுதிக் குடுத்திருக்கலாமே!"

"நானும் குடுத்துட்டா, அந்தப் பொண்ணுங்க யார்கிட்ட போவாங்க?"

"மத்த ஏழு பேரும் எந்தப் பூசைக்கு வருவாங்க?" என்றேன்.

எத்தோரே தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அவங்களா? இத்தனை வருஷத்துல ஒருத்தரைக்கூட நான் இங்க பாத்ததில்லை. நம்ம ஆஸ்பத்திரியிலேருந்து இங்க வர்றதும் நான் ஒருத்தன்தான்."