தண்ணீர் கொடுத்தவள்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சுற்றிக்காட்டும் மகாராஜன், போர்க்கதையில் சொந்தமாக ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டார். குண்டுமழைக்கு நடுவே வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவள். இறந்துபோன தன் மனைவி பேச்சித்தாயின் பெயரையே அவளுக்கு வைத்தார். மூன்றே வருடத்தில் வேம்பார்ப் பெண்கள் அவளுக்கு வளையல் நேர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். கட்டுக்கதை என்று சொல்லிவிட அவருக்கு மனம் வரவில்லை. சொன்னால் அவள் மறுபடி செத்துப்போவாள்.

நேற்று மதியம், நேர்ச்சை வளையலோடு வந்த ஒருத்தி அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அங்கன வேப்பமரத்தடியில ஒரு அக்கா தண்ணி தந்தாவ. இதை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாவ."

அவள் உள்ளங்கையில், காலையில் அவர் பூட்டிய வீட்டுக்குள் மறந்துவிட்டு வந்த சர்க்கரை மாத்திரை இருந்தது.

"சாப்பாட்டுக்கு முந்தி போடணுமாம்."