கட்டிலில் ராயப்பன்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த கணவர் ராயப்பனுக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஆனந்தமேரி. அறுவை சிகிச்சையில் எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுநோயா இல்லையா என்று டாக்டர் இன்று சொல்லிவிடுவார்.

"மேரி, இன்னா சொல்லப்போறாரோ? நெஞ்சு அடிச்சுக்குது."

"ஒண்ணும் இருக்காது. கரும்பு வெட்டாம நிக்குது, அத நெனைங்க."

அவரைத் தேற்றும்போதுதான் தன் பயமும் கொஞ்சம் அடங்குவதை அவள் கவனித்தாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "புற்றுநோய் இல்லம்மா. பாக்க அது மாதிரியே இருக்கும், ஆனா வெறும் அழற்சிதான். ரொம்ப அபூர்வமா வரும். பையையே எடுத்துட்டதால இனி கவலையில்ல."

"மாதாவே!" என்று விம்மி அழுதார் ராயப்பன்.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, இவரு ஏன் கட்டில்ல படுத்திருக்காரு?"

"நீங்க இன்னா சொல்வீங்களோன்னு நெனச்சே தலை சுத்துதுன்னாரு டாக்டர். அதான் கொஞ்ச நேரம் படுக்க வெச்சேன்."

"நல்லா இருக்கு! ஆபரேஷன் உங்களுக்கு, பழம் அவருக்கா?"

ராயப்பன் பதறிப்போய் இறங்கி, மிச்சமிருந்த சுளைகளை அவள் கையில் திணித்தார்.

"சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் ஆனந்தமேரி.