சுலைகா வரவேண்டிய இடத்தில்

திரையில் சுலைகா சிரிக்க வேண்டிய இடத்தில் நாலு பெரியவர்கள் பிரியாணி தின்றுகொண்டிருந்தார்கள். சிராஜ் கேசட்டை முன்னால் ஓட்டினான். மறுபடியும் பிரியாணி. அதன் பிறகு நிக்காஹ்.

ஞாயிற்றுக்கிழமைப் பகல். வாடகைக்கு எடுத்த இரண்டு வீடியோ டெக்குகளும் தாராவிப் பரணின் வெக்கையில் சூடேறிக் கிடந்தன. அவன் கேசட்டை வெளியே இழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

வாரம் முழுக்க ரஹ்மத்துல்லா முதலாளியின் பட்டறையில் தோல் வெட்டுவான். ஞாயிற்றுக்கிழமை படம் வெட்டுவான். ரசிகர் மன்றத்து ஆட்களுக்காக, அவர்களுடைய நடிகரின் பல படங்களிலிருந்து சண்டையையும் சிரிப்பையும் பொறுக்கி ஒரே பாட்டுக்கு ஒட்டிக் கொடுப்பான்.

ஒரு டெக்கில் படம் ஓடும், இன்னொன்று பதியும். தபேலா அடி விழுவதற்குக் கொஞ்சம் முன்பே பதிவை நிறுத்தி ஓட்டும் பாஸ் பொத்தானைத் தட்டிவிட வேண்டும். பிந்தினால் பாட்டு ஒரு பக்கமும் நடிகர் ஒரு பக்கமும் போவார்கள். சிராஜின் விரல் பிந்தியதில்லை.

அதைக் கேள்விப்பட்டுத்தான் முதலாளி தன் மூத்த மகள் ஆபிதாவின் கல்யாணத்தை அவனை வீடியோ எடுக்கச் சொன்னார். எடுத்தான், பாட்டும் போட்டான். அதே டெக் வாடகையில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு கேசட்டும் செய்தான்.

அதில் கல்யாணம் கிடையாது. இளைய மகள் சுலைகா மட்டும்தான். மருதாணி இடும்போது, பெண்கள் பந்தியில் தண்ணீர் ஊற்றும்போது, கதவோரம் நிற்கும்போது அவள் பார்த்ததெல்லாம் ஒரு காதல் பாட்டுக்கு வரிசையாக. கேமராவைப் பார்த்துச் சிரித்தவள், அவன் கேமராவைத் தோளிலிருந்து இறக்கிய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். அது அவனுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு கேசட்டும் ஒரே கம்பெனி, ஒரே அட்டை. ஒன்றை முதலாளியிடம் கொடுத்த பிறகு, சொந்த டெக் இல்லாதவன் தன்னிடம் இருப்பதை எதில் போட்டுப் பார்ப்பான்? இன்றைக்குத்தான் மறுபடி டெக் கிடைத்தது.

அப்படியென்றால் கல்யாணமாகித் துபாய் போன ஆபிதாவுக்கு முதலாளி கொடுத்தனுப்பியது சுலைகாவின் கேசட். அங்கே ஆபிதா, அவள் புருஷன், மாமியார், கொழுந்தன் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பார்கள்.

ஏணி ஆடியது. ஜமாலின் தலை பரணுக்கு மேலே வந்தது.

ஜமால் முதலாளியின் மைத்துனன். போன வருஷம் அவர்கள் வீட்டு உறவுப் பெண் ஒருத்திக்கு வளையல் வாங்கிக் கொடுத்தவனின் கையை, செருப்புத் தோலை அழுத்தும் மெஷினில் வைத்து இறக்கியவன். அந்தக் கை இன்னும் மடங்காது.

"சலோ, மச்சான் கூப்பிடுதாவ. துபாய்லேருந்து போன் வந்துச்சு. ஒம்பேருதான் அடிபடுது."

என்ன விஷயம் என்று கேட்டதற்கு, வந்து தெரிஞ்சுக்கோ என்றான். சிராஜ் முன்னால் நடக்க, அவன் பின்னால் வந்தான். சந்து ஒரு ஆள் அகலம். ஓடினால் தண்ணீர்க் குழாயடிக் கூட்டத்தில்தான் போய் முட்ட வேண்டும். எதிரில் வந்த தெரிந்தவன் ஒருவன் ஜமாலைப் பார்த்ததும் சிராஜைத் தெரியாதவன் மாதிரிச் சுவரோடு ஒதுங்கிக்கொண்டான்.

விடுமுறைப் பட்டறையில் ஆள் கிடையாது. அழுத்தும் மெஷினின் மூடுதுணியை எடுத்துவிட்டு முதலாளி அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே ஜமாலைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஆபிதா பேசினா. கேசட்டுல அவ கல்யாணமே இல்லையாம்லே?"

"இல்ல மொதலாளி."

"முழுக்க எங்க சுலைகாதானாம்."

கதவடியில் ஜமாலின் செருப்பு நகர்வது கேட்டது.

"யாரு சொல்லிச் செஞ்சே?"

சொல்லிவிடலாம். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன், அவளை எனக்குக் கட்டிக் கொடுங்கள். கல்யாணத்திலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தைகள்தான். அவன் வாயைத் திறந்தான். மெஷினின் கைப்பிடியில் எண்ணெய் பளபளத்தது. வலது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. தோல் வெட்டிச் சோறு போடுவது அந்தக் கை. படம் வெட்டுவதும் அதுதான்.

அவன் முழிப்பதைப் பார்த்து முதலாளியே கேட்டார்.

"எங்க வீட்டுக்காரி மதீனா பீவி சொன்னாளா? எனக்குத் தெரியாம ஒன்னைய வச்சு இத நடத்தினாளா?"

நீட்டிய கயிற்றைச் சிராஜ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஆமா மொதலாளி. அவிய சொல்லித்தான் செஞ்சேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

முதலாளி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். பக்கத்தில் வந்து அவன் வலது கையை இழுத்துப் பிடித்தார். சிராஜ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது முதலாளி அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஜமால்கூடப் பல் தெரிய நின்றான்.

"ஆபிதாவோட கொழுந்தனுக்கு எங்க சுலைகாவப் புடிச்சுப் போச்சாம்டே, அந்தக் கல்யாணத்துக்கும் நீதான் கேசட்டு போடணும்."